ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. ஜன்னல் கம்பியை விரலால் மெல்லத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே என்ன வேலை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கல்யாணக்காரர்கள் என்றால் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே தெருவுக்கே தெரியும்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையை ஒட்டியது எங்கள் வாடகை வீடு. அதன் முன்னறைதான் என் கடை. ஒரு லேப்டாப், ஒரு பிரின்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பத்திரிகை, பேனர், போஸ்டர் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் வரும், ஆனால் அடுப்பை எரிய வைப்பது என்னவோ கண்ணீர் அஞ்சலிதான். கல்யாணக்காரர்கள் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் சின்னதாகத் தெரிகிறது என்று வாரக்கணக்கில் உயிரை வாங்குவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் எதையும் சரிபார்ப்பதில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு அவர்களிடம்தான் அதிகம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. போஸ்டரின் கீழே தனித்தனிக் கட்டங்களில் பேரன் பேத்திகளின் முகங்கள் வரலாம், பங்காளிகள் பெயர் வரிசையாக வரலாம். ஆனால் மாலை போடுகிற பெரிய படத்துக்குள் உயிரோடு இருப்பவர் யாரும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு கையோ, ஒரு தோளோ, சேலையின் ஒரு நுனியோ தெரிந்தாலும் ஆகாது. ஆனால் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் ஜனங்களில் எத்தனை பேர்? யாரோ ஒருவரின் கல்யாணத்தில், யாரோ ஒருவரின் தோளில் கைபோட்டு நிற்கும் படம்தான் வரும். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுப்பதுதான் என் தொழில். இப்படி உயிரோடு இருப்பவர்களை எல்லாம் வெட்டி வெளியே போட்டுப் போட்டு, எனக்கே சில நாள் சாப்பாடு இறங்காது.

வெட்டியதைப் பத்திரமாக ஒளித்து வைக்கவும் வழி உண்டு, அடியோடு அழிக்கவும் வழி உண்டு. ஒளித்து வைத்தால் பிறகு வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் ஃபைல் கனத்துப் போகும். என் பழைய லேப்டாப்புக்கு அந்தக் கனத்தைத் தாங்கும் தெம்பு இல்லை. ரேம் அவ்வளவு குறைவு. இரண்டு படத்தை ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும், மூன்றாவது திறந்தால் படுத்துவிடும். அதனால் வெட்டியதும் மிச்சத்தை அழித்துவிடுவது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. வந்த படத்தை அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பேன். அவ்வளவுதான்.

அந்த லேப்டாப்பின் பொறுமையைச் சோதிக்கிற புத்தி போன வருடம் உச்சத்துக்குப் போனது. ஒரு போஸ்டரைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் போய்ப் பாத்திரம் துலக்கிவிட்டு வருவேன். அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். எதிரே சாவு வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மனிதர் முன்னால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அவமானம் எனக்குத்தான் தெரியும்.

என் கணவர் சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வண்டி அவருடையது அல்ல. புது லேப்டாப் என்று நான் வாயைத் திறந்தபோது, "அதுவும் பழசு, நானும் பழசு. ரெண்டையும் ஒண்ணா மாத்திடு" என்று சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் பதில் இருந்தது. காசு இல்லை.

ஃப்ளெக்ஸ் அடிக்க நான் பெரம்பலூர் போவேன். அங்கே பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்கிடுங்கக்கா" என்றார். நான் நகரவில்லை. ரேம் மட்டும் எவ்வளவு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடுகிற எஸ்.எஸ்.டி மட்டும் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். மாட்டித் தரக் கூலி தனி என்றார். நாலு திருகைக் கழற்றி மாட்ட இவ்வளவா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நானே மாட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வாலிகண்டபுரத்திலிருந்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் பேனர் வாங்க வந்திருந்த ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தது நினைவிருக்கிறது.

வீம்புக்குச் சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் லேப்டாப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அந்த ஒரு பெட்டியில்தான் என் பிழைப்பே இருந்தது.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தேன். லாரியின் டூல்ஸ் பையில் இருக்கும் திருப்புளிகள் எல்லாம் சக்கரம் கழற்ற லாயக்கானவை. கண்ணாடிக் கடையில் கெஞ்சி ஒரு சின்னத் திருப்புளி இரவல் வாங்கிவந்தேன். ஒரு காலை நேரம், வெயில் நன்றாக விழும் இடத்தில் வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். கழற்றுகிற திருகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம் என்று வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். இட்லித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மூலைத் திருகோ அந்த மூலைக் குழியில் போட்டேன். அதற்கு முன் இரண்டு பென் டிரைவ் நிறைய, அன்றாடம் வேண்டிய தமிழ் எழுத்துருக்களையும், மாதிரிக்கு வைத்திருக்கும் டிசைன்களையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பழைய டிஸ்க்கை வெளியே மாட்டிப் பார்க்கிற உறை ஒன்று வாங்கினால் மிச்சத்தையும் மாற்றலாம். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மிச்சம் என்றால் எல்லாம் பழைய சாவு வேலை.

அடி மூடியைத் திறந்தால் உள்ளே அரியலூரே இருந்தது. வெள்ளைத் தூசி, மாவு சலித்தது போல. சாலையில் போன அத்தனை லாரியும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, என் வீட்டு லாரி உட்பட. பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, வீடியோவில் சொன்னபடி ரேமைச் சாய்த்து வைத்து அழுத்தினேன். ஹார்ட் டிஸ்க்கை உருவினேன். அது உள்ளங்கைக்குள் அடங்கியது, ஆனால் கனமாக இருந்தது. அத்தனை பேருடைய முகமும் அதற்குள் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அது இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டியைச் செருகி, எல்லாவற்றையும் மூடிப் பொத்தானை அழுத்தியபோது திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி கழற்றினேன். ரேமின் தங்க நிற விளிம்பை எழுதுகிற ரப்பரால் தேய்த்து, இந்த முறை பயப்படாமல் அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முதல் தடவை அந்தச் சத்தம் வரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரையில் வெளிச்சம் வந்ததும் நான் வாய்விட்டு அழுதேன். அடுப்படியில் இருந்து ஓடிவந்த என் கணவர், "கரண்டு அடிச்சிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

விண்டோஸையும் டிசைன் மென்பொருளையும் புதிதாக ஏற்றிய பிறகு போஸ்டர் கண்ணிமைப்பில் திறந்தது. பாத்திரம்தான் துலக்காமல் கிடந்தது.

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. லாரிக்காரர் வீட்டில் அது தீபாவளிக்கும் மேலே. என் கணவர் காலையிலேயே குளித்துவிட்டுச் சந்தனத்தை ஒரு கிண்ணம் நிறையக் கரைத்து வைத்துக்கொள்வார். பிறகு அவர் கண்ணில் படுகிற எதுவும் தப்பாது. லாரியின் முகப்பு, சக்கரம், ஸ்டியரிங், ஜாக்கி, ஸ்பேனர், வீட்டு மிக்ஸி, தையல் மிஷின், என் கத்தரிக்கோல், ஸ்கேல். வாழையிலையில் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் குனிந்து குனிந்து பொட்டு வைப்பார். அந்த மனிதர் சாமி கும்பிடுகிற அழகைப் பார்த்தால் எனக்கே கோபம் போய்விடும். லேப்டாப் மேல் தண்ணியாக வைக்காதீர்கள் என்று நான் கத்திக் கத்தி, அதன் மூடியில் மட்டும் ஒன்று வைத்தார்.

பழைய ஹார்ட் டிஸ்க் மேசைமேல் ஒரு சில்வர் டப்பாவில் இருந்தது. அதுவும் இத்தனை வருடம் உழைத்த பொருள்தானே என்று அவர் அதையும் எடுத்து இலையில் வைத்திருக்கிறார். அதன் முகத்தில் ஒரு சின்ன வட்டத் துளை உண்டு. பொட்டு வைக்கவென்றே யாரோ அளவெடுத்தது போன்ற இடம். சரியாக அதன்மேல் சந்தனத்தையும், சந்தனத்தின்மேல் குங்குமத்தையும் வைத்துவிட்டார். நான் அதைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் ஜன்னல் கம்பி தட்டப்பட்டது. நனைந்த குடையோடு ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களின் கை அவளுக்கு. கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு கிராமம்.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்குப் போன வருசம் நீங்கதான் போஸ்டர் போட்டீங்க. காமாலையில போயிட்டாரு. இப்பத் தலைத் திவசம் வருது."

உட்காரச் சொன்னேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு விவரம் எழுதிக்கொண்டேன். எல்லாம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணுங்கக்கா. நீங்க வெட்டுனீங்கல்ல, அந்த போட்டோ முழுசா ஒங்ககிட்ட இருக்குமா? அதுல எம் பொண்ணத் தூக்கி வச்சிருப்பாரு. அவ அப்பக் கைப்புள்ள."

"போன்ல இல்லியாம்மா?"

"அவரு அண்ணன், எங்க மூத்தாருகிட்டதான் போன் இருந்துச்சு. செத்தவரோட புள்ள ஒட்டிக்கிட்டு இருக்கற படம் வூட்ல இருக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்கன்னு அழிச்சிட்டாரு. எனக்குத் தெரியாதுக்கா. அவ இப்பப் பேச ஆரம்பிச்சிட்டா. 'அப்பா என்னத் தூக்குவாரா'ங்கறா. தூக்குனாருடின்னா நம்ப மாட்டேங்கறா. பக்கத்து வூட்டுப் புள்ள அவங்கப்பாகூட எடுத்த போட்டோவக் காட்டுதாம். எங்க வூட்ல மாலை போட்ட படம்தான் இருக்கு. அதுல அவரு மட்டும்தான் இருக்காரு."

எனக்கு மங்கலாக நினைவு வந்தது. முந்திரி மரத்தடியில் ஒரு ஆள், இடது கையில் ஒரு குழந்தை. வந்த படத்தின் நகல் பழைய டிஸ்க்கில் இருக்கும். "இருக்கும்மா. அடுத்த வாரம் வா, எடுத்து வைக்கிறேன்" என்றேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அதைப் பார்த்ததால்தான் பின்னால் அவ்வளவு வலித்தது.

சில்வர் டப்பாவைத் திறந்தேன். பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சுரண்டினேன். அடியில் துளை, துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. இந்தத் துளையை மூடாதீர்கள் என்று எழுதியிருந்தது. டிஸ்க் அதன் வழியாகத்தான் மூச்சுவிடும் என்று பெரம்பலூர்க் கடைக்காரர் பிறகு சொன்னார். அவரிடம் கேபிள் போட்டு மாட்டியபோது உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. திரையில் எதுவும் வரவில்லை. என் ரேம் சரியாக உட்கார்ந்தபோது வந்த அதே மாதிரி சத்தம்தான். ஆனால் இது நிற்கவே இல்லை.

"யாருக்கா இதுக்குப் பொட்டு வச்சது?" என்றார் கடைக்காரர். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சந்தனத் தண்ணி உள்ள எறங்கியிருக்கலாம். இல்ல, பழசானதாலயும் இருக்கலாம். திறந்து பாக்காம சொல்ல முடியாது." திருச்சியில் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி வைத்தார். சில நாள் கழித்து அது திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் தட்டில் கீறல் விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். ஊரில் இருக்கிற இரும்புக்கெல்லாம் பொட்டு வைக்கிற ஆள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டீர்களா என்று கத்தினேன். "சாமிக்கு வச்சதுதானே" என்று ஆரம்பித்தவர், அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னதும் எழுந்து உள்ளே போனார். பழைய பனியன் துணியை நனைத்து, டிஸ்க்கில் மிச்சமிருந்த குங்குமத்தை ஓரம் ஓரமாகத் துடைக்க ஆரம்பித்தார். இனி துடைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

சொன்ன நாளில் அவள் வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். பூப்போட்ட கவுன், எண்ணெய் வழியும் தலை, கையில் ஒரு பிஸ்கட். படத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது. குழந்தை நேராக வந்து லேப்டாப் முன்னால் நின்றுகொண்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது, எடுக்க முடியவில்லை, எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிக்கா" என்றாள். குழந்தையின் வாயோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டு, "போஸ்டராவது போட்டுக் குடுங்க" என்றாள்.

அவள் கணவருடைய போஸ்டர் மட்டும் புது எஸ்.எஸ்.டியில் இருந்தது. அந்த அமைப்பு நன்றாக வந்திருந்ததால் பலரும் அதே மாதிரி கேட்டார்கள். அதனால் மாதிரி டிசைன்களோடு அதையும் பென் டிரைவில் எடுத்திருந்தேன். திறந்தேன். நொடியில் வந்தது. வெட்டிய மனிதர் மட்டும், சுற்றிலும் ஒன்றுமில்லாமல், ரோஜா மாலையோடு. மிச்சத்தை எல்லாம் நான் வழக்கம்போல அழித்திருந்தேன். குழந்தை இருந்த இடத்தில் வெறும் நீல வானம் ஒட்டியிருந்தேன்.

"மாலை இதே இருக்கட்டுமா, சம்பங்கி போடட்டுமா?" என்று கேட்டேன். எதையாவது பேச வேண்டியிருந்தது.

"சம்பங்கி போடுங்கக்கா. அவருக்குப் புடிக்கும்."

படத்தின்மேல் தனி அடுக்காக இருந்த ரோஜா மாலையைத் திரையிலிருந்து மறைத்தேன்.

அவர் சட்டைக் காலரில் விரல்கள் இருந்தன. குட்டி குட்டியாக நான்கு விரல்கள், காலரை இறுக்கிப் பிடித்தபடி. அதற்குக் கீழே கொஞ்சம் மணிக்கட்டு. மணிக்கட்டில் கறுப்பு மணி வளையலின் ஓரம். அதற்கப்பால் வானம்.

சட்டைத் துணியின்மேல் படிந்திருந்த அந்தக் கையை வெட்டினால் காலரே பிய்ந்துபோயிருக்கும். அன்றைக்கு வெளியே ஆள் காத்திருந்தார். மெஷின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கையை வெட்டாமல் மேலே ஒரு மாலையைப் போட்டு மூடிவிட்டு வேலையை முடித்திருக்கிறேன். எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். முந்திரிப்பால் சுட்ட விரலால் அந்த விரல்களைத் தொடப் போய், தொடாமல் நிறுத்தினாள்.

"இது பாப்பா கைதாங்கக்கா. இந்த வளையலு எங்கம்மா போட்டது."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். முன்பென்றால் அந்தப் பெரிதாக்கலிலேயே மெஷின் உயிரை விட்டிருக்கும். இப்போது அது சத்தமில்லாமல் காட்டியது. நகக்கண்கூடத் தெரிந்தது.

குழந்தை எட்டிப் பார்த்தது. "இது யாரு கை?"

"ஒங் கைடி."

"நானா புடிச்சிருக்கேன்?"

"ஆமா. அப்பா ஒன்னத் தூக்கி வச்சிருக்காருல்ல. வுழுந்துடுவன்னு நீ அவரு சட்டயப் புடிச்சிக்கிட்ட."

குழந்தை திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தது. பிஸ்கட்டை அம்மாவிடம் கொடுத்தது.

"போஸ்டர்ல மாலை போட்டுடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். வழக்கம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"போஸ்டர்ல போட்டுடுங்கக்கா. ஊரு பாக்கும். எனக்கு மாலை இல்லாம ஒண்ணு அடிச்சிக் குடுங்க. எவரு என்ன சொன்னாலும் வூட்ல அதுதான் இருக்கும்."

இருக்கிற தாளில் தடிமனானதை எடுத்துப் போட்டேன். பிரின்டர் மெதுவாகத்தான் அடிக்கும், அதை இன்னும் மாற்றவில்லை. தலை வந்தது, நெற்றி வந்தது, சிரிக்கிற வாய் வந்தது. குழந்தை தன் கவுனின் கழுத்துப் பட்டியை அந்த விரல்கள் பிடித்திருந்த மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றது. காலர் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் கிளம்பும்போது மழை விட்டிருந்தது. லாரியை நிறுத்திவிட்டு என் கணவர் அப்போதுதான் உள்ளே வந்தார். யார் இவர்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டார். குழந்தை அவரைக் கடந்து போகாமல் நின்று, இரண்டு கையாலும் தாளை உயர்த்திக் காட்டியது.

"எங்கப்பா என்னத் தூக்கி வச்சிருக்காரு, பாரு."

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு ஆளும் நான்கு விரல்களும் மட்டும்தான் இருந்தன.

"ஆமா தாயி," என்றார். "நல்லாத் தெரியுது."